தங்கமீனுக்கு உடம்பு சரியில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தங்கமீன் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பல, “என்ன மருந்து ஊற்றலாம்?” என்றுதான் முடிகின்றன. மருந்துக்குப் போகும் முன் நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும். தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மீன்கள், தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு, அம்மோனியா–நைட்ரைட் சோதனையில் வந்த எண் என்ன. இவை தெரியாமல் சொல்லும் வைத்தியம் இருட்டில் கல்லெறிவதுதான். சோதனைக்கான டெஸ்ட் கிட் வீட்டில் இல்லையென்றால், மருந்துக்கு முன்னால் அதை வாங்குங்கள். பட்டையை நனைத்துப் பார்ப்பதைவிடச் சொட்டு மருந்து வகைக் கிட் துல்லியமானது.

கேள்வி: தொட்டி வைத்து எட்டு நாள் ஆகிறது. 40 லிட்டர் தண்ணீர், மூன்று சின்னத் தங்கமீன்கள். இரண்டு நாளாக மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வாலில் சிவப்புக் கோடுகள் தெரிகின்றன. நீல நிற மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். மூன்று மீனுக்கும் ஒரே நேரத்தில் ஒரே தொல்லை வந்தால் முதல் சந்தேகம் தண்ணீர்மேல் விழ வேண்டும். எட்டு நாள் தொட்டி என்பது அந்தச் சந்தேகத்தை இன்னும் உறுதியாக்குகிறது.

தங்கமீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. பழகிய தொட்டியில், ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிய ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. இந்தப் பாக்டீரியா தேவையான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். உங்கள் தொட்டிக்கு வயது எட்டே நாள். மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கின்றன. செவுள் எரிகிறது, அதனால் மேலே வருகின்றன. நீல மருந்து என்பது பெரும்பாலும் மெத்திலீன் புளூ. அது ஃபில்டரில் இப்போதுதான் முளைக்கத் தொடங்கிய பாக்டீரியாவையும் அழித்துவிடும்.

இன்றே செய்ய வேண்டியது: பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் வெப்பநிலை பழையதோடு 1 அல்லது 2 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். குளோரின் நீக்கி கலந்திருக்க வேண்டும். இங்கே ஒரு சின்னக் கணக்கு உண்டு. அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) இருந்தால், பாதி மாற்றிய பிறகும் 1 பிபிஎம் மிஞ்சும். அதனால் ஐந்தாறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாதி மாற்றினால் 0.5க்கு வரும். அதன்பின் தினமும் 30 முதல் 50 சதவீதம். சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 என்று ஒரு வாரம் தொடர்ந்து வரும்வரை இது நிற்கக்கூடாது. முதல் இரண்டு நாள் தீனி வேண்டாம். வளர்ந்த, ஆரோக்கியமான தங்கமீன் ஒரு வாரம் சாப்பிடாமல் தாங்கும். குஞ்சுகளுக்கு இரண்டு நாள் போதும். காற்றுப் பம்பில் மாட்டிக் குமிழி விடும் காற்றுக்கல்லை ராத்திரி பகலாக ஓடவிடுங்கள்.

நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு 1 கிராம் உப்பு சேருங்கள். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் புகுந்து ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளைக் கெடுக்கிறது. செவுள் பழுப்பாகத் தெரியும். உப்பிலுள்ள குளோரைடு அதே வாசலில் முந்திக்கொண்டு நுழைவதால் நைட்ரைட் உள்ளே போவது குறைகிறது.

நெருக்கடி தீர்ந்ததும் பெரிய தொட்டி பாருங்கள். 40 லிட்டர் மூன்று தங்கமீனுக்குப் போதவே போதாது. முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை, இது பழைய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் விட்ட தொட்டியில் பிஎச், அதாவது தண்ணீரின் அமில–கார அளவு, இறங்கியிருக்கும். அந்தப் புளித்த தண்ணீரில் அம்மோனியா அவ்வளவு விஷமில்லாத அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். பிஎச் 7ல், 25 டிகிரியில், மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவம். பிஎச் 8ல் அது ஏறத்தாழ 5 சதவீதம். ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றினால் பிஎச் தாவி, அடங்கிக் கிடந்தது முழுக்க விழித்துக்கொள்ளும். “தண்ணீர் மாற்றினேன், மறுநாள் செத்துவிட்டது” என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். அத்தகைய தொட்டியில் தினம் 10 முதல் 15 சதவீதம் மட்டும் மாற்றி மெதுவாக மீட்டெடுங்கள்.

கேள்வி: குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்துவிட்டு ஊற்றுகிறேன். அது போதாதா?

பதில்: தண்ணீரில் வெறும் குளோரின் மட்டும் இருந்தால், அகன்ற வாளியில் 24 மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீரென்றால் நாள் கணக்கில் வைத்தாலும் போகாது. எது கலக்கிறார்கள் என்று தெரியாதபோது, குளோரமினுக்கும் பயன்படும் என்று எழுதியிருக்கும் நீக்கியை வாங்குவதே பத்திரம். சாதாரண தயோசல்பேட் துளிகள் குளோரமினை உடைக்கும். ஆனால் உடைந்ததிலிருந்து அம்மோனியா வெளிவரும். பழகிய ஃபில்டர் அதைச் சமாளித்துக்கொள்ளும், புதுத் தொட்டி சமாளிக்காது.

கேள்வி: உப்பு போடச் சொல்கிறார்கள். எந்த உப்பு, எவ்வளவு? “ஒரு கைப்பிடி” என்றால் என் கைப்பிடியா, சொன்னவர் கைப்பிடியா?

பதில்: கைப்பிடியை மறந்துவிட்டுத் தராசை எடுங்கள். முதலில் தொட்டியின் கொள்ளளவு. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60 × 30 × 32 என்றால் 57.6 லிட்டர். அடியில் கூழாங்கல் இருந்தால் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். ஏறக்குறைய 52 லிட்டர். கண்ணாடித் தொட்டியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி மருந்து போடாதீர்கள், அது விளிம்பு வரை நிரப்பிய கணக்கு.

உப்பு வெறும் சோடியம் குளோரைடாக இருக்க வேண்டும். தூளாக இருந்தாலும் கல்லாக இருந்தாலும் எடையில் வித்தியாசமில்லை. ஸ்பூனில் அளந்தால்தான் வித்தியாசம் வரும். அயோடின் சேர்த்த உப்பு மீனைக் கொன்றுவிடும் என்பது வீண் பயம், அதிலுள்ள அயோடின் மிகக் குறைவு. ஆனால் மணமோ மூலிகையோ நிறமோ சேர்த்த உப்பு கூடாது.

லேசான வலுவூட்டலுக்கு லிட்டருக்கு 1 கிராம், ஒட்டுண்ணிக்கு 3 கிராம். அந்த 3 கிராமையும் ஒரே மூச்சில் போடக்கூடாது. 12 மணி நேர இடைவெளியில் 1, 1, 1 என்று மூன்று தவணை. தனிப் பாத்திரத்தில் முழுக்கக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். உப்புக்கல் ஒன்று மீனின் உடம்பில் ஒட்டினாலே அந்த இடம் வெந்துபோகும்.

பலர் கோட்டை விடும் இடம் இது: உப்பு ஆவியாகாது. 50 லிட்டரில் 150 கிராம் போட்டிருக்கிறீர்கள். 10 லிட்டரை எடுத்துக் கொட்டினால் 30 கிராம் போகும், புதுத் தண்ணீரோடு 30 கிராம் சேர்க்க வேண்டும். அதே 10 லிட்டர் ஆவியாகிக் குறைந்திருந்தால் வெறும் தண்ணீர் மட்டும்தான். இதைக் குழப்பிக்கொண்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டியில் செடியோ நத்தையோ இருந்தால் உப்புக்கு முன் மாற்றிவிடுங்கள். ஜியோலைட் கற்கள் வைத்திருந்தால் அவற்றையும் வெளியே எடுங்கள். உறிஞ்சி வைத்த அம்மோனியாவை உப்புத் தண்ணீரில் அவை திரும்பக் கக்கிவிடும்.

கேள்வி: உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மூன்று நாள் மருந்து போட்டேன், புள்ளி மறைந்தது, நிறுத்தினேன். ஐந்தாம் நாள் இருமடங்காக வந்துவிட்டது. மருந்து போலியா?

பதில்: மருந்தின்மேல் குற்றமில்லை, நிறுத்திய நாளில்தான் தப்பு. வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு மூன்று நிலைகள். முதல் நிலையில் அது மீனின் தோலுக்கு அடியில் புதைந்து தின்று கொழுக்கிறது. நீங்கள் பார்க்கும் உப்புக்கல் போன்ற புள்ளி அதுதான். அங்கே எந்தத் தொட்டி மருந்தும் அதைத் தொடாது. கொழுத்ததும் உதிர்ந்து அடியில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அப்போதும் மருந்து உறைக்காது. கூடு உடைந்து குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாள் மட்டுமே அவை மருந்துக்கும் உப்புக்கும் சிக்கும். நீங்கள் பார்த்து மகிழ்ந்த “புள்ளி மறைந்தது” என்பது, அவை உதிர்ந்து அடியில் பெருகிக்கொண்டிருந்த நேரம்.

ஆகவே சுற்று முழுவதும் மருந்து தண்ணீரில் இருக்க வேண்டும். 24, 25 டிகிரியில் ஒரு சுற்று 3 முதல் 6 நாளில் முடியும். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். உப்பை மூன்று தவணையில் லிட்டருக்கு 3 கிராம் வரை கொண்டுவாருங்கள். ஹீட்டர் இருந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 26 முதல் 28க்கு ஏற்றுங்கள். சூடு கிருமியைக் கொல்வதற்காக அல்ல, சுற்றைச் சுருக்குவதற்காக. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதை மறக்க வேண்டாம். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கூடுதலாக ஒரு காற்றுக்கல் போட்டுவிட்டுத்தான் ஹீட்டரைத் தொட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அடித்தளத்தைச் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள், கூடுகளும் சேர்ந்து போகும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு முழு வாரம் தொடருங்கள். மொத்தம் இரண்டு வாரத்துக்குக் குறையக்கூடாது. நோய் ஒரு மீனில் தெரிந்தாலும் தொட்டி முழுவதற்கும் வைத்தியம் வேண்டும்.

மலக்கைட் கிரீன் கலந்த மருந்து பயன்படுத்துபவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது மனித உடம்புக்கும் நல்லதல்ல. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மருந்தைக் கரி குடித்துவிடும்.

இதே கேள்வியைக் கேட்ட இன்னொரு வாசகர், புள்ளிகள் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக இருப்பதாக எழுதியிருக்கிறார். மீன் சுறுசுறுப்பாக இருக்கிறதாம், மற்றொன்றை விரட்டுகிறதாம். அது நோயல்ல. ஆண் மீன் இனப்பெருக்கப் பருவத்தில் போடும் முத்துகள் அவை. எதையும் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: உருண்டை வயிற்று ஒரண்டா வகைத் தங்கமீன். சாப்பிட்டதும் தலைகீழாக மிதக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துச் சரியாகிறது. பட்டாணி கொடுத்தால் போதுமா?

பதில்: சாப்பிட்ட பிறகு மட்டும் வந்து தானாகச் சரியாகிறது என்பது நல்ல செய்தி. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. விழுங்கியது நேராகக் குடலுக்குப் போகிறது. மீனை மிதக்கவைக்கும் காற்றுப்பை இரண்டு அறைகள் கொண்டது, அது உணவுக்குழாயோடு ஒரு சின்னக் குழாயால் இணைந்திருக்கிறது. நீண்ட உடம்புள்ள மீனில் இவையெல்லாம் தாராளமாக அமர்ந்திருக்கும். உருண்டை வகைகளில் முதுகெலும்பே குறுகி, உறுப்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. குடல் கொஞ்சம் உப்பினாலும் சமநிலை போய்விடும்.

இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். மூன்றாம் நாள் வேகவைத்த பட்டாணி ஒன்றைத் தோலுரித்து, மீனின் கண் அளவுக்குக் கிள்ளி, மூழ்கவிட்டுக் கொடுங்கள். நான்கைந்து துணுக்கு போதும். பட்டாணி மருந்தல்ல, நார்ச்சத்துள்ள, மூழ்குகிற, லேசான உணவு, அவ்வளவுதான். நாள்தோறும் அதையே கொடுத்தால் மீன் மெலியும். பிறகு வழக்கத்தை மாற்றுங்கள். மிதக்கும் உருண்டைகளுக்குப் பதில் மூழ்கும் உருண்டைகள். போடுவதற்கு முன் தொட்டித் தண்ணீரில் ஓரிரு நிமிடம் ஊறவையுங்கள். ஒரு வேளைக்குப் பதில் சிறுசிறு அளவாக இரண்டு மூன்று வேளை. மீன் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளை. மலம் பார்க்க வேண்டும்: தீனியின் நிறத்தில் குறுகலாக விழுந்தால் நல்லது, வெள்ளையாக நூல்போல் காலியாக நீண்டால் குடலில் ஏதோ சிக்கல்.

மலச்சிக்கல் தெளிவாகத் தெரிந்தால் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், 10 லிட்டருக்கு 1 கிராம் கரைத்து மூன்று நாள் வைக்கலாம். இதையும் சாதாரண உப்பையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள், இரண்டின் வேலையும் வேறு.

நாள் முழுக்க மிதக்கிற மீனுக்குப் பட்டாணி பயன்படாது. காற்றுப்பைக்குள் திரவமோ தொற்றோ, வயிற்றில் கட்டியோ இருக்கலாம். அதை எக்ஸ்-ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். அதுவரை வீட்டில் ஒரு காரியம் செய்யலாம். தண்ணீருக்கு மேல் தெரியும் வயிற்றுத் தோலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முதலில் பளபளப்பு மங்கும், பிறகு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்புத் திட்டு எழும், பிறகு செதில் உதிர்ந்து புண்ணாகும். காற்றுப் பட்டுக் காய்வதுதான் காரணம். நீர்மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே மென்மையான வலையைக் கட்டி, மீன் அதற்குக் கீழேயே இருக்கும்படி செய்தால் தோல் பிழைக்கும். எதிர்ப்பக்கம், அடியிலேயே கிடந்து எழ முடியாத மீனுக்கு: கூழாங்கல்லை எடுத்துவிட்டுத் தண்ணீரை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறைத்து, நீரோட்டத்தையும் தணித்து, வாயருகே கொண்டுபோய் ஊட்டுங்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழும் மீன்கள் உண்டு.

கேள்வி: ஆரஞ்சு மீனில் திடீரென்று கறுப்புத் திட்டுகள். தொற்றா?

பதில்: கடந்த சில வாரத்தில் அம்மோனியா ஏறியிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வெந்த தோல் ஆறும்போது அந்த இடம் கறுக்கும். அதாவது கேடு நடந்து முடிந்து, மீன் தேறிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைச் சோதியுங்கள், 0 வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். திட்டு மாதக்கணக்கில் மெல்ல மறையலாம். இளம் மீன்கள் வளரும்போது நிறம் மாறுவதும் இயல்புதான்.

கேள்வி: நோயான மீனைத் தனியே வைக்க என்னென்ன வேண்டும்?

பதில்: 40 லிட்டர் கொள்ளும் புது பிளாஸ்டிக் டப்பா போதும். சோப்பு பட்ட வாளி கூடாது. காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு ஃபில்டர், தெர்மாமீட்டர், மேலே மூட ஒரு வலை. அடியில் கல், மணல், அலங்காரம் எதுவும் வேண்டாம். மலமும் மிச்சத் தீனியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெளிச்சம் குறைவான, ஆள் நடமாட்டமில்லாத மூலை நல்லது.

பெரும் தொட்டியின் ஃபில்டரில் எப்போதும் ஒரு உபரி ஸ்பாஞ்சை ஓடவிட்டு வைப்பது கெட்டிக்காரத்தனம். நோய் வந்த அன்று அதை எடுத்துத் தனித்தொட்டியில் மாட்டினால், பாக்டீரியா தயாராக வந்து சேரும். அது இல்லாவிட்டால் தினமும் 50 சதவீதம் தண்ணீர் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது வெளியேறும் மருந்து அளவைக் கணக்கிட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

மீனை வலையால் பிடிப்பதைவிட ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்து, அதற்குள் மீனை ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள். வலைக்கண்ணில் துடுப்பு கிழியும், உடம்பின் வழவழப்பும் உரியும். அந்த வழவழப்புதான் மீனின் முதல் காப்பு.

கேள்வி: என் மீன் கூழாங்கல்லை வாயில் வைத்துக்கொண்டு துப்ப முடியாமல் தவிக்கிறது. அவசரம்.

பதில்: வாயை மூட முடியாமல் இருந்தாலும் செவுள் அசைந்துகொண்டிருந்தால் உடனே சாகாது. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் விடுங்கள், பாதிக்குப் பாதி தானே துப்பிவிடும். இல்லையென்றால் இருவராகச் செய்யுங்கள். கையை நனைத்துக்கொண்டு, நனைத்த மெல்லிய துணியில் மீனைப் படுக்க வைத்து, தலை கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். தாடைக்கு அடியில், தொண்டைப் பகுதியை விரல் நுனியால் வாயை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். கல் நகர்ந்தால் உதடு விரிவது தெரியும். வெளியே தெரியும் கல்லை மட்டும் மொட்டை முனை இடுக்கியால் ஓரமாகத் திருப்பி எடுக்கலாம். குறுக்கே மாட்டிய நீளக் கல்லை அரைத் திருப்பு திருப்பினாலே கழன்றுவிடும். இடுக்கியை ஆழமாக விடாதீர்கள், தங்கமீனுக்குப் பல் தொண்டையில்தான் இருக்கிறது. ஒரு தடவைக்கு 30 நொடி. வராவிட்டால் தண்ணீரில் விட்டு, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி. இனிமேல் மீனின் வாயைவிடப் பெரிய கற்கள், அல்லது செவுள் வழியே சுலபமாகக் கழியும் நைசான மணல், இரண்டில் ஒன்று போடுங்கள்.

கேள்வி: வாயோரத்தில் பஞ்சு போல வெள்ளை. வாலும் நைந்து வருகிறது. பூஞ்சைதானே?

பதில்: பூஞ்சையாக இருந்தால் பஞ்சு தனித்தனி இழையாக நிற்கும், தண்ணீரில் அசையும், பெரும்பாலும் பழைய காயத்தின் மேல்தான் பிடிக்கும். வாயைச் சுற்றித் தட்டையாக, சாம்பல் படிந்த வெள்ளையாக, அல்லது முதுகில் சேணம் போட்டதுபோல் பரவினால் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் இந்தப் பாக்டீரியா சூட்டில் வேகமாகப் பெருகும். வெள்ளைப்புள்ளிக்குச் செய்ததுபோல் ஹீட்டரை ஏற்றினால் ஓரிரு நாளில் மீன் போய்விடும். தனித்தொட்டிக்கு மாற்றி, தண்ணீரைக் குளிர்ச்சியாகவே வைத்து, லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்போடு, மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் கேளுங்கள்.

வால் மட்டும் நைந்திருந்தால் அவ்வளவு பயம் வேண்டாம். தினம் 30 சதவீதத் தண்ணீர் மாற்றமும் லிட்டருக்கு 1 கிராம் உப்புமே பெரும்பாலும் நிறுத்திவிடும். ஓரத்தில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய விளிம்பு வளர்ந்தால் அது புது வால். நைவு துடுப்பின் அடிப்பகுதியை எட்டினால்தான் மருந்து.

கேள்வி: வீட்டில் மிச்சமிருந்த டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் போட்டேன். பலனில்லை.

பதில்: கடினத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிவிடும்; மீனுக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். கலந்த மிச்சம் ஃபில்டர் பாக்டீரியாவைத் தாக்கலாம், மருந்துக்கு அடங்காத கிருமியையும் வளர்க்கும். இப்போது 50 சதவீதம் மாற்றி, ஃபில்டரில் கரி போட்டு, ஒரு வாரம் அம்மோனியாவைத் தினம் பாருங்கள். உடம்புக்குள் பரவிய தொற்றுக்கு, மருத்துவர் சொல்லும் அளவில் தீனியில் கலந்து கொடுப்பதோ ஊசியோதான் வேலை செய்யும்.

கேள்வி: கல்லில் உடம்பைத் தேய்க்கிறது. ஒரு பக்கச் செவுளை மூடியே வைத்திருக்கிறது. இன்னொரு மீனின் முதுகில் பச்சை நூல் தொங்குகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு. முதலாவதற்கு, தண்ணீர்ச் சோதனை சுத்தமாக வந்தால், செவுள் புழுவைச் சந்தேகிக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, உப்பை நம்பவும் முடியாது. பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து லிட்டருக்கு 2 மில்லிகிராம். 50 லிட்டருக்கு 100 மில்லிகிராம். தூள் சட்டென்று கரையாது, மூடிய பாட்டிலில் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். செவுள் புழு முட்டையிடும் வகை. முட்டையை இந்த மருந்து கொல்லாது. அதனால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் முன் தண்ணீர் மாற்றம்.

தொங்கும் நூல் நங்கூரப் புழு. பெயருக்கேற்ப அதன் தலை சதைக்குள் நங்கூரமாகக் கிளைத்திருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் நூல் அறுந்து தலை உள்ளேயே தங்கிச் சீழ்பிடிக்கும். தோலை ஒட்டிய இடத்தில் இடுக்கியால் பிடித்து, புழு சாய்ந்திருக்கும் திசையிலேயே மெதுவாக, விடாமல் இழுங்கள். வந்ததும் துளையில் போவிடோன் அயோடினைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றுங்கள். கண்ணிலும் செவுளிலும் படக்கூடாது. தண்ணீரில் மிதக்கும் அதன் குஞ்சுகளுக்கு டைஃப்ளூபென்சுரான் உள்ள மருந்து தேவை. இறால் இருக்கும் தொட்டியில் அதைப் போட்டால் இறாலும் சாகும்.

கேள்வி: வயிறு பெருத்து, செதிலெல்லாம் சிலிர்த்து நிற்கிறது. காப்பாற்ற முடியுமா?

பதில்: மேலிருந்து பாருங்கள். சினைப்பட்ட பெண் மீனுக்கும் வயிறு பெருக்கும், ஆனால் செதில் படிந்தே இருக்கும். செதில் பலாக்காய் முள்போல் நிமிர்ந்தால் அது நீர்க்கோவை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தேங்குகிறது. இது தனி நோயல்ல, உள்ளே ஏதோ ஒன்று முற்றிவிட்டதன் வெளித்தோற்றம். உண்மையைச் சொன்னால், செதில் முழுக்க நிமிர்ந்த மீன் பிழைப்பது அரிது. சில செதில்கள் மட்டும் எழுந்த நிலையில் கண்டுபிடித்தால் முயற்சி செய்யலாம்: தனித்தொட்டி, 10 லிட்டருக்கு 1 கிராம் எப்சம் உப்பு, சுத்தமான தண்ணீர், அன்றே மருத்துவர். சாப்பிடுகிற மீனென்றால் ஆன்டிபயாடிக் தீனிக்கு வாய்ப்பு உண்டு.

சாப்பாட்டை நிறுத்தி, பக்கவாட்டில் சாய்ந்து, நாள்கணக்கில் மூச்சுக்குத் திணறும் மீனை அப்படியே விட்டு வைப்பது இரக்கமல்ல. மருத்துவர் கிடைத்தால் அவர் கையால் முடிப்பதே நல்லது. கிடைக்காதபோது கிராம்பு எண்ணெய் உண்டு. மீன் இருக்கும் தண்ணீரையே 2 லிட்டர் பாத்திரத்தில் எடுங்கள். ஒரு சின்னப் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரும் எண்ணெயும் விட்டுப் பால்போல் வெளுக்கும்வரை குலுக்குங்கள். எண்ணெய் தனியே மிதந்தால் பயனில்லை. முதலில் ஓரிரு சொட்டு எண்ணெய்க்கான கலவையை மெல்லச் சேர்த்தால் மீன் மயங்கிச் சாயும். பிறகு லிட்டருக்கு 0.4 மில்லிலிட்டர் எண்ணெய் என்ற கணக்கில் மீதியை ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்றபிறகும் தங்கமீன் மீண்டெழக்கூடும், அதனால் ஒரு மணி நேரம் அதிலேயே இருக்கட்டும். உயிரோடு ஃபிரீசரில் வைப்பதும் கழிவறையில் விடுவதும் கூடவே கூடாது.

கேள்வி: மீன் இறந்துவிட்டது. அதே தொட்டியில் புது மீன் விடலாமா?

பதில்: வேறு மீன்கள் மிஞ்சியிருந்தால் தொட்டியைக் கலைக்காதீர்கள்; நான்கு வாரம் நோயில்லாமல் போகட்டும். காலியாகிவிட்டால் தொட்டி, வலை, குழாய் எல்லாவற்றையும் வாசனை சேர்க்காத ப்ளீச்சில், 1 பங்குக்கு 19 பங்கு தண்ணீர் சேர்த்து, 15 நிமிடம் ஊறவைத்து, பலமுறை அலசி, கடைசி அலசலில் குளோரின் நீக்கியை இரட்டிப்பாகப் போட்டு, முழுக்கக் காயவையுங்கள். ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தொட்டி மறுபடி முதல் நாளிலிருந்துதான் தொடங்கும். புது மீனையும் நேராக விடாமல் தனித்தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டி வேலைக்குக் கையுறை அவசியம். மீன்களின் காசநோய்க் கிருமி ஒன்று மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும். அப்படி ஒரு புண் வந்து வாரக்கணக்கில் ஆறாவிட்டால், மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.